தாமரைப் பிக்கப்பின் விலை

அந்தப் பிக்கப்புக்கு ஏன் அவ்வளவு விலை என்று நீங்கள் கேட்டது எனக்குப் பிடித்தது. காலையிலிருந்து இந்த அறையில் கேட்கப்பட்டவற்றில், வியாபாரம் தெரிந்த ஒருவன் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது ஒன்றுதான். பாரிசில், லாச்சப்பலில் என் கடைக்கு வருகிறவர்களும் கதிரையில் சரியாக உட்காருவதற்கு முன்பே அதைத்தான் கேட்பார்கள். ஒரு நாள் வாடகைக்கு இவ்வளவா என்பார்கள். நான் கோபிக்க மாட்டேன். முதலில் தேத்தண்ணி, பிறகு விளக்கம். இங்கே தேத்தண்ணி உங்களுடையது, அதில் சீனியும் இல்லை. பரவாயில்லை, விளக்கத்தை நான் சொல்கிறேன்.

என் பெயர் சேந்தன். தொழில் மணவறைச் சோடினை. எங்கள் ஆட்கள் கல்யாணம், சாமத்திய வீடு என்று மண்டபம் எடுத்தால், மேடை, விளக்கு, பூ, நிறைகுடம் வைக்கிற மேசை வரைக்கும் நான்தான் கொண்டுபோய் வைப்பேன். மொழிபெயர்க்க வந்திருக்கும் தங்கச்சி பாண்டிச்சேரிக்காரர் போலிருக்கிறது. சாமத்திய வீடு என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உங்கள் பக்கம் மஞ்சள் நீராட்டு என்பார்களே, தங்கச்சி, அதுதான். பெண்பிள்ளை பெரியவளானால் வைக்கிற சடங்கு. தாய்மாமன் தண்ணீர் வார்ப்பார், பெண்கள் ஆலாத்தி எடுப்பார்கள். பொலிஸ் ஐயாவுக்கு அப்படியே சொல்லுங்கள்.

ஆனால் மாமன் வார்க்கிற தண்ணீரைப் பார்க்க இப்போது யாரும் வருவதில்லை. பிள்ளை மண்டபத்துக்குள் எப்படி வந்து இறங்குகிறாள் என்பதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பல்லக்கில் வந்தார்கள். குதிரை வண்டியில் வந்தார்கள். திரான்சியில் ஒருவர் ஹெலிகொப்டர் பிடித்தார். அது இறங்க இடமில்லாமல் பக்கத்து ஊர் மைதானத்தில் இறங்கி, பிள்ளை அங்கிருந்து மாமாவின் பழைய காரில் வந்தாள். அதையும் மூக்கில் விரலை வைத்துத்தான் பார்த்தார்கள். ஆனால் ஒரு வீட்டில் வந்தது அடுத்த வீட்டிலும் வந்தால் கதை முடிந்தது. "உது தில்லையம்பலத்தார் வீட்டிலை பாத்ததுதானே" என்று ஒரு மாமி பக்கத்துக் கதிரைக்குச் சொன்னால் போதும், அந்தக் குடும்பம் செலவழித்தது முழுவதும் வீண். எங்கள் ஆட்களுக்கு வடிவு வேண்டும். அதைவிட, பக்கத்து வீட்டுக்காரனிடம் அது இல்லாமல் இருக்க வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நான் இத்தனை வருடம் சோறு சாப்பிட்டது அதில்தான்.

அந்த நேரத்தில்தான் பெல்ஜியத்தில் ஒரு வியாபாரியிடம் அந்த வண்டியைக் கண்டேன். அமெரிக்கப் பிக்கப், ஸ்பெஷல் எடிஷன். நான்கு கதவு, என் நெஞ்சு உயரத்துக்கு முகப்பு, பின்னால் ஒரு சிறிய அறை அளவுக்குத் திறந்த பெட்டி. நிறம் செம்பு, நிழலில் பார்த்தால் கறுப்பு. அதே கம்பனியின் சாதாரணப் பிக்கப் ஒன்றும் பக்கத்திலேயே நின்றது. அதன் விலை பாதி. நான் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டின் அடியிலும் படுத்துப் பார்த்தேன். இயந்திரம் ஒன்றுதான். அடிச்சட்டம் ஒன்றுதான். இதில் சில்லு, சக்கரம்தான், கொஞ்சம் பெரிது, ஆசனத்துத் தோல் கொஞ்சம் மெத்தென்று இருந்தது, அதைத் தைத்த நூல் வேறு நிறம். இதற்கா இரண்டு மடங்கு என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு உள்ளே பதித்திருந்த சின்னத் தகடு ஒன்றைக் காட்டினார். மொத்தம் எத்தனை வண்டி செய்தார்கள், அதில் இது எத்தனையாவது என்று அதில் வெட்டியிருந்தது. பாதிக் காசு வண்டிக்கு என்றார் அவர். மீதிக் காசு, இனிமேல் இதைச் செய்ய மாட்டோம் என்று கம்பனி கொடுக்கிற வாக்குக்கு.

நானும் உங்களுக்குக் கப்பல் கூலி, சுங்கம், புகைக்கான வரி, பிரான்சில் ஓட்டுவதற்கான அனுமதி, கையால் அடித்த பெயின்ற், கொஞ்சப் பேருக்காக மட்டும் வார்த்த சில்லு என்று அடுக்கிச் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் அந்த விலை வராது. நடுவில் ஒரு பள்ளம் கிடக்கும். இன்னொன்று இல்லை என்பதால்தான் அந்தப் பள்ளம் நிரம்புகிறது. அன்றைக்குப் பாரிசுக்குத் திரும்பி வரும்போது, என் தொழிலை அன்றுதான் முழுதாக விளங்கிக்கொண்டேன் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

வாங்கினேன். சீட்டுக் காசு, வங்கிக் கடன், என் மனைவி தயாளினியின் தாலிக்கொடி தவிர்ந்த நகை எல்லாம் அதற்குள் போயிற்று. பிறகுதான் தெரிந்தது, அந்த வண்டிக்குப் பாரிசில் இடம் இல்லை என்பது. மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீட்டுத் தெருவில் அது திரும்பாது. நிலத்தடித் தரிப்பிடம் எதற்குள்ளும் அதன் தலை நுழையாது. பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் ஒரு கராஜ் வாடகைக்கு எடுத்து அதில் பூட்டி வைத்தேன். விற்கப் போனால் அரைவிலைதான் கேட்டார்கள். ஓட்டவும் முடியாது, விடவும் முடியாது. காலையில் கண் விழித்தால் முதலில் அந்த வண்டிதான் நெஞ்சில் ஏறி நிற்கும். அந்தக் காலத்தில் என்னைப் பிடித்து உள்ளே போட்டிருந்தால்கூட எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

இனி றொஜர். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்கிறீர்கள். பாருங்கள், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

றொஜர் மன்னார்ப் பொடியன். பொடியன் என்று சொல்கிறேனே தவிர நாற்பதைத் தொட்டவன். திரான்சியில் மனைவி பேர்ளியோடு இருந்தான். மோதுண்ட கார்களின் உடம்பை நிமிர்த்துகிற வேலை. கொழுத்த ஆள், சாப்பாட்டு ராமன், சிகரெட்டும் விட்டுப் போகாது. வேலை செய்யும்போது கோயில் பாட்டுகளைப் பிழையான ராகத்தில் பாடுவான். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பிக்கப்பின் பின்பெட்டியில் ஒரு தாமரை வைப்பது என்பது என் யோசனை. வண்டி மண்டபத்துக்குள் வரும்போது தாமரை மொட்டாக மூடியிருக்க வேண்டும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது இதழ்கள் விரிய வேண்டும், வெண்புகை வழிய வேண்டும், நடுவில் பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும். யோசனை யாருக்கும் வரும். அதைச் செய்தவன் றொஜர். ஒரு மாரிகாலம் முழுக்கச் செய்தான். இதழ்களை அச்சில் வார்த்து, ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வைத்து, ரிமோட்டில் அசைய வைத்தான். புகை முன்கூட்டியே ஒழுகினால் படத்தில் நன்றாக இருக்காது என்று வீடியோக்காரர் சொன்னபடியால், இதழ்களின் விளிம்பு முழுவதும் றப்பர் வைத்து இறுக்கினான். புகைக்கான ட்ரை ஐஸ் பெட்டி ஆசனத்துக்குக் கீழே, இதழ்களுக்கு உள்ளேயே இருந்தது. முதல் ஓட்டத்துக்கு முன் அவன் என் கையில் ரிமோட்டைத் தந்து சொன்னது நினைவிருக்கிறது.

"அண்ணை, மூடினா ரெண்டு வரிப் பாட்டு. அவ்வளவுதான். அதுக்கு மேலை பிள்ளையை உள்ளுக்கை வைச்சிருக்கக் கூடாது. இந்தப் புகை மூச்சை வாங்கிப்போடும்."

போதாததற்கு உள்ளே ஒரு சிவப்புக் கயிறும் கட்டினான். பிள்ளை பயந்தால் அதை இழுக்கலாம், இதழ்கள் தளர்ந்துவிடும். அவனுக்கும் பேர்ளிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தக் கயிற்றை எத்தனை தடவை இழுத்து இழுத்துப் பார்த்தான் என்று எனக்குத்தான் தெரியும்.

முதல் சடங்கிலேயே சனம் எழுந்து நின்றுவிட்டது. அடுத்த கிழமை கடைவாசலில் ஆட்கள் நின்றார்கள். விலையைக் கேட்டுத் தலையில் கைவைப்பார்கள், பிறகு முற்பணம் தருவார்கள். கடன் குறைந்தது. தயாளினியின் நகை ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தது. நெஞ்சில் ஏறி நின்ற வண்டி கீழே இறங்கிவிட்டது போல எனக்கு இருந்தது.

பிறகு ஒரு நாள் கராஜில் மத்தியானச் சாப்பாடு. தயாளினி கட்டித் தந்த ஆட்டுக்கறி. றொஜர் எலும்பை உறிஞ்சிக்கொண்டு, ஏதோ நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னான்.

"அண்ணை, ஜெர்மனியிலை மண்டபம் வைச்சிருக்கிற டெனிஸ்டன் அண்ணை கேட்டவர். அவருக்கும் உப்பிடி ஒண்டு செய்து குடுக்கப் போறன்."

"உப்பிடியேவோ?"

"ஓம். அச்சு இருக்குத்தானே. ஒரு பழைய பிக்கப் போதும். பேர்ளியும் இஞ்சாலை ஒரு வீடு வாங்குவம் எண்டு நிக்கிறாள். அந்தக் காசு முதலுக்குப் போதும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"உண்மையாக் கேக்கிறன் அண்ணை, இதுக்கேன் சனத்திட்டை இவ்வளவு விலை வாங்கிறியள்? உது இரும்பும் றெசினும்தானே. செய்த எனக்குத் தெரியாதோ?"

அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட அதே கேள்விதான், பாருங்கள். நீங்கள் கேட்டபோது எனக்குப் பிடித்தது, அவன் கேட்டபோது பிடிக்கவில்லை. அவனிடம் நான் பெல்ஜியக்காரர் சொன்னதைச் சொன்னேன். இரண்டாவது ஒன்று வந்தால் முதலாவது வெறும் வண்டி, நான் திரும்பவும் குழிக்குள் விழுவேன் என்று சொன்னேன். அச்சுகளை உடைத்துவிடு என்று கேட்டேன். அவன் மறுக்கவே இல்லை. கை கழுவிவிட்டு வந்து, சுத்தியலை எடுத்து, என் கண் முன்னால் எல்லா அச்சையும் உடைத்தான். பிறகு தன் நெற்றியை விரலால் தட்டிக் காட்டினான்.

"இப்ப சந்தோஷமோ? ஆனா இஞ்சை இருக்கெல்லே, அண்ணை."

அவன் பகிடியாக, விளையாட்டாகத்தான் சொன்னான். நான் அன்றிரவு தூங்கவில்லை. ஒரு கம்பனி, இனிமேல் செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுக்கலாம். ஆனால் சிரித்துக்கொண்டு நெற்றியைத் தட்டுகிற ஒருவனிடம் நான் எந்த வாக்கை வாங்குவது?

அடுத்த கிழமை அந்தச் சிவப்புக் கயிற்றைக் கழற்றினேன். படத்தில் அது தெரிகிறது என்று வீடியோக்காரர் முறைப்பட்டிருந்தார். அவர் முறைப்பட்டது வசந்தத்தில், கழற்றியது கார்த்திகையில் என்று நீங்கள் சுட்டிக்காட்டினீர்கள். உண்மைதான். அதற்கு முன்பு நேரம் கிடைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். மறுநாள் ஒரு சாமத்திய வீடு. ஓர் இதழ் மூடிய பிறகு சரியாக உட்காராமல் முனகியது. அதை மூடியிருக்கும்போது உள்ளே இருந்துதான் பார்க்க வேண்டும். எங்கள் வேலை முறையே அதுதான். அவன் ஸ்பானரோடும் லைட்டோடும் உள்ளே, நான் ரிமோட்டோடு வெளியே. புகையையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று ஐஸ் போட்டிருந்தேன். அன்றைக்கு ஐஸ் கொஞ்சம் அதிகம். பெரிய பெட்டியாக எடுத்தால் மலிவு. குளிராக இருந்ததால் கராஜின் ஷட்டரை இறக்கினேன். அவனுடைய போனில் சார்ஜ் குறைந்திருந்தது, நான்தான் வாங்கி மேசையில் சார்ஜில் போட்டேன். எல்லாம் எந்த வெள்ளிக்கிழமையும் நடக்கிற காரியங்கள்தான்.

ஏறும்போது அவன் மேலே பார்த்தான்.

"கயிறெங்கை, அண்ணை?"

"புதுசு போடவேணும். நான் இஞ்சைதானே நிக்கிறன்."

"ஓம், நீங்கள் நிக்கிறியள்தானே," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மூடுங்கோ என்று அவன்தான் சொன்னான். நான் மூடினேன்.

உள்ளே கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்டது. ஸ்பானர் சத்தம் கேட்டது. பிறகு, "சரி அண்ணை, திறவுங்கோ," என்றான். நான் கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தேன். அதில் இரண்டு பொத்தான்தான், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. எனக்குக் குழப்பம் ஒன்றும் இருக்கவில்லை.

முதலில் அவன் சிரித்தான். "பகிடி விடாதேங்கோ அண்ணை, கண் எரியுது," என்றான். பிறகு தட்டினான். தட்டியது இடிப்பாக மாறியது. என் பெயரைச் சொன்னான். நான் அவனை அடைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மூடச் சொன்னது அவன். நான் செய்யாமல் விட்டது திறப்பதை மட்டும்தான். இரண்டும் ஒன்றல்ல. சட்டத்திலும் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் மூலையில் இருந்த குழாயடிக்குப் போய்த் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினேன். அவனுடையதையும் கழுவினேன். இப்போதே திறந்தால் பகிடி என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் கழிந்ததும், இனி அப்படிச் சொன்னால் நம்புவானா என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கழிந்ததும் சொல்வதற்கு ஒரு விளக்கமும் மிஞ்சவில்லை. திறந்தால் அவன் என் முகத்தைப் பார்ப்பான், பிறகு எங்கே போனாலும் நடந்ததைச் சொல்வான். ஒவ்வொரு இடியோடும் என் வழி அடைபட்டுக்கொண்டே போனது. என் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள், ஐயா. அன்றைக்கு அங்கே அடைபட்டது அவன் மட்டும் அல்ல.

சத்தம் நின்ற பிறகு கோப்பைகளைத் துடைத்து வைத்தேன். ஷட்டரை உயர்த்திக் காற்று வர விட்டேன். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினேன். இதழ்கள் விரிந்தன. முனகல் இல்லை. அந்த மோட்டாரை அவன் சரியாகத்தான் திருத்தியிருந்தான்.

அவனை இழுத்துக்கொண்டு வந்து வேலை மேசைக்குப் பக்கத்தில் கிடத்தினேன். சரியான பாரம். பிறகு அவசர உதவிக்குப் போன் செய்தேன். அழுதேன், அது நடிப்பு அல்ல. கொழுத்த உடம்பு, சிகரெட், மனைவி வேறு அவருக்கு அடிக்கடி நெஞ்சு நோகும் என்று சொன்னாள். மாரடைப்பு என்று எழுதினார்கள். ஐஸ் தன்பாட்டில் காற்றோடு போய்விட்டது. செத்தவீட்டுச் செலவில் பாதியை நான் ஏற்றேன். பேர்ளி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அவருக்கு நீங்கள் கூடப்பிறந்த சகோதரம் மாதிரி, சேந்தண்ணை," என்றாள்.

டெனிஸ்டன் ஜெர்மனியிலிருந்து போன் செய்து துக்கம் விசாரித்தார். பிறகு மெதுவாக, றொஜர் ஏதாவது வரைபடம் கீறி வைத்திருந்தானா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை.

இதழ்களின் உள்பக்கம் முழுவதும் ஸ்பானர் இடித்த அடையாளம் இருந்தது. அதை மறைக்கச் சிவப்பு வெல்வெட் ஒட்டினேன். பார்த்தவர்கள் இப்போதுதான் பூரணமாக இருக்கிறது என்றார்கள். விலையைக் கொஞ்சம் உயர்த்தினேன். ஏன் என்று கேட்டவர்களிடம், செய்தவன் காலமாகிவிட்டான், இனி இப்படி ஒன்று உலகத்தில் வராது என்றேன். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் காசைக் கொடுத்தார்கள். ஒரு சின்னத் தகடும் செய்வித்து, றொஜரின் பெயரை வெட்டி, வண்டிக்குள் பதித்தேன். பேர்ளி வந்து பார்த்து அதைத் தொட்டுக் கும்பிட்டாள். பெல்ஜியக்காரர் சொன்னது அச்சொட்டாக உண்மை. அடுத்த இரண்டு வருடம் எனக்கு மூச்சு விட நேரமில்லை.

எத்தனை பிள்ளைகளை அதற்குள் ஏற்றினேன் என்று கேட்டீர்கள். எண்ணவில்லை. எங்கள் ஆட்கள் செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள். ஒரு நல்ல காரியத்துக்குத் தீட்டுப்பட்ட துடக்கு வீட்டுத் தட்டம் ஒன்றுகூட வரக்கூடாது. அப்படியிருக்க, ஒருவன் செத்த இடத்தில் பட்டுச்சேலை கட்டிய பிள்ளைகளை உட்கார வைத்தாயே, மனம் கேட்டதா என்பீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை எல்லாம் கிடையாது. அவர்கள் காசு கட்டியிருந்தார்கள்.

இந்த வருடம் என் மகள் யதுசா பெரியபிள்ளையானாள்.

தயாளினி மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, அட்டை அடித்து, அதில் தாமரைப் பிக்கப்பின் படத்தையும் போட்டுவிட்டாள். நான் பல்லக்கு நல்லது என்றேன். அவள் பகிடி என்று நினைத்தாள். மோட்டார் பழுது என்றேன். எனக்குத் தெரியாமல் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஒரு பழுதும் இல்லையாம். ஊருக்கெல்லாம் விரியிற தாமரை எங்கடை பிள்ளைக்கு மட்டும் விரியாதோ?"

"வேண்டாம் எண்டா வேண்டாம், தயா."

"ஏனெண்டு சொல்லுங்கோ. லாச்சப்பல் முழுக்கக் கேக்குது, சொந்தப் பிள்ளையை ஏத்த முடியாத வண்டியிலையோ எங்கடை பிள்ளையளை ஏத்தினவர் எண்டு. ரெண்டு பேர் முற்பணத்தைத் திருப்பிக் கேட்டுட்டினம்."

யதுசா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, பிரெஞ்சில், அப்பாவுக்கு அந்த வண்டியில் பயமா என்று கேட்டாள். பிள்ளைகள் சும்மா கேட்கிறார்கள், அது எங்கே போய்ப் படுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பயமில்லை என்று காட்ட எனக்கு இருந்தது ஒரே ஒரு வழிதான். ஏற்றினால் என் பிள்ளை அவன் கிடந்த இடத்தில் உட்காருவாள். ஏற்றாவிட்டால் ஏன் என்ற கேள்வி என் வீட்டிலேயே குடியிருக்கும். ஒரு கிழமை இழுத்தடித்தேன். கடைசியில் சரி என்றேன். ஐஸை ஒரு கை அளவுக்குக் குறைத்தேன். கழற்றி வைத்திருந்த சிவப்புக் கயிற்றையும் திரும்பக் கட்டினேன், படத்தில் தெரிந்தால் தெரியட்டும் என்று.

மண்டபம் நிறைந்த சனம். தயாளினி பேர்ளியையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். நான் மேடைக்குப் பக்கத்தில் ரிமோட்டோடு நின்றேன். பாட்டு தொடங்கியது, மூடிய தாமரையோடு வண்டி மெதுவாக உள்ளே வந்தது. யதுசா குழப்படிக்காரி. உள்ளே இருந்தபடி பாட்டின் தாளத்துக்கு இதழில் தட்டத் தொடங்கினாள். சனம் கைதட்டிச் சிரித்தது. அவள் விளையாட்டுக்குத் தட்டுகிறாள் என்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது.

நான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் தன் பாட்டில் மெதுவாகத்தான் இழுக்கும், திரும்பத் திரும்ப அழுத்தினாலும் அதற்கு அவசரம் வராது. ரிமோட்டை எறிந்துவிட்டு வண்டியில் ஏறி இதழைக் கையால் பிடித்து இழுத்தேன். ஒன்று உடைந்து கையோடு வந்தது. இதோ, வெட்டுக் காயம் இன்னும் ஆறவில்லை. பிள்ளையை வெளியே தூக்கினேன். அவள் பயந்து அழுதாள். அந்த நேரத்தில் நான், "திறக்கிறன் றொஜர், திறக்கிறன், கொஞ்சம் பொறு," என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. ஆனால் மூன்று கமராவிலும் பதிந்திருக்கிறது என்கிறீர்கள். நல்ல கமராக்கள், நான்தான் ஒழுங்கு செய்தேன்.

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். பேர்ளி எழுந்து வந்தாள். உடைந்த இதழில் வெல்வெட் கிழிந்து தொங்கியது. அதற்குப் பின்னால் இருந்த அடையாளங்களை அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"அவர் இதுக்குள்ளையோ இருந்தவர், சேந்தண்ணை?"

ஓம் என்றேன். வேறு ஏதாவது சொல்ல யோசித்திருக்கலாம். பிள்ளை என் தோளில் கிடந்து விம்மிக்கொண்டிருந்தாள், யோசிக்க முடியவில்லை.

ஆகவே, ஐயா, அவனைக் கொன்றது நான்தான். தங்கச்சி, அந்தச் சொல்லையே பிரெஞ்சில் போடுங்கள், மெதுவாக்க வேண்டாம். இனி அந்த வண்டியைச் சும்மா கொடுத்தாலும் எங்கள் ஆட்களில் ஒருவர் வாங்க மாட்டார்கள், அதனால் விலையைப் பற்றிப் பேசுவதற்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் காலையில் நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள். ஒருவன் உள்ளே கிடந்து தட்டுவதைக் கேட்டுக்கொண்டு வெளியே நிற்க ஒரு மனிதனால் எப்படி முடியும் என்று. அது எனக்கு மனவருத்தமாக இருந்தது. அந்த வீடியோவை நீங்களே இன்னொருதரம் போட்டுப் பாருங்கள். பிள்ளை தட்டிய சத்தம் கேட்டதும் நான் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கை கிழியக் கிழிய உடைத்துத் திறந்தேன், ஒரு மண்டபமே சாட்சி. உள்ளே ஓர் உயிர் கிடந்து தவிக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் நான் இல்லை.